வீட்டைக் காலிசெய்ய எவ்வளவு ஆகும்?

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதைத்தான். அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாத வேலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டி வந்தால் எத்தனை நாளாகும், கையிலிருந்து எவ்வளவு போகும்? சம்பளம் நிற்கும் தேதி ஒன்று, வாடகை நிற்கும் தேதி இன்னொன்று, அட்வான்ஸ் திரும்பி வரும் தேதி வேறொன்று. இந்த மூன்று தேதிகளுக்கும் நடுவில் கிடக்கிற நாட்கள்தான் ஆளைக் கடனில் தள்ளுகின்றன.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கைக்கு வரும் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 35, மற்ற செலவுகள் 40. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதாவது 105. வேலைக்கு ஒரு மாத நோட்டீஸ், வீட்டுக்கு இரண்டு மாத நோட்டீஸ். முதல் தேதியன்று வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றே வீட்டுக்காரரிடமும் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. முதல் மாதம் சம்பளம் உண்டு, 25 மிஞ்சும். இரண்டாம் மாதம் வருமானம் கிடையாது, 75 செலவு. அந்த மாதக் கடைசியில் 20 வாடகைக்கு ஒரு சின்ன ரூம்: அட்வான்ஸ் 40, முதல் மாத வாடகை 20, புரோக்கருக்கும் வண்டிக்கும் 15. அது ஒரு 75. மூன்றாம் மாதம் மற்ற செலவுகளுக்கு 40. பழைய வீட்டு அட்வான்ஸ், காலிசெய்து ஒரு மாதம் கழித்து, பெயின்ட், ரிப்பேர் என்று 20 பிடித்துக்கொண்டு 85 ஆகத் திரும்புகிறது. அது வருவதற்கு முந்தைய நாள் நிலவரம்: 165 பள்ளம். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மாதச் சம்பளம்.

இதே ஆள், "அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும்" என்று வீட்டு நோட்டீஸை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? நாலு மாத முடிவில் மொத்தக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 15தான், அதாவது பழைய வாடகைக்கும் புது வாடகைக்கும் உள்ள இடைவெளி. அதனால்தான் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அட்வான்ஸும் ஒரு மாதம் தள்ளித்தானே வரும்? பள்ளத்தின் ஆழம் 165 அல்ல, 240 ஆகிவிடும். கையில் 180 வைத்திருப்பவர் முதல் வழியில் கடன் இல்லாமல் கரையேறுவார். இரண்டாவது வழியில் போனால் அவருக்கு லோன் ஆப்தான் கதி. மொத்தச் செலவைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பார்க்க வேண்டியது எந்த நாளில் கை எவ்வளவு காலியாக இருக்கும் என்பதை.

உங்கள் சொந்த எண்களை வைத்து இந்தக் கணக்கை ஒரு தாளில் போட அரை மணி நேரம் போதும். வீடு பார்க்கும்போதே போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் மாற்றுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது.

வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, நோட்டீஸைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது லாபம். வீட்டுக்காரருக்கு மாத வாடகையில் கொஞ்சம் குறைப்பது மாதா மாதம் உறுத்தும்; நோட்டீஸ் இரண்டு மாதத்திலிருந்து ஒன்றாவது எப்போதோ ஒருநாள் வரப்போகிற விஷயம், சம்மதிக்க எளிது. ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள் நாலைந்துதான். குறிப்பிட்ட மாதங்களுக்கு முன் காலிசெய்தால் மீதி மாத வாடகையையும் கட்ட வேண்டும் என்கிற லாக்‑இன் இருக்கிறதா? இருந்தால் அது எல்லாவற்றையும்விட ஆபத்தான வரி. வீட்டுக்காரர் அந்த வரியை எடுக்க மறுத்தால், "வாடகைக்கு இருப்பவர் தகுதியான வேறொருவரைக் கொண்டுவந்தால் லாக்‑இன் பொருந்தாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று நாள் எண்ணிக்கை இருக்கிறதா, அல்லது "பின்னர் திருப்பித் தரப்படும்" என்று மொட்டையாக இருக்கிறதா? பிடித்தம் செய்தால் பில்லோடு கணக்குக் காட்ட வேண்டும் என்று இருக்கிறதா? நோட்டீஸ் எந்த வடிவில் கொடுத்தால் செல்லும், கடிதமா, மின்னஞ்சலா, வாட்ஸ்அப் போதுமா? "மாத முதல் தேதியில் கொடுக்கும் நோட்டீஸ் மட்டுமே செல்லும்" என்று ஒரு துண்டு வரி எங்காவது ஒளிந்திருந்தால், இரண்டாம் தேதி கொடுத்த நோட்டீஸுக்கு மூன்று மாத வாடகை போய்விடும். அட்வான்ஸின் உச்சவரம்பு, திருப்பித் தரும் கெடு ஆகியவற்றைப் பல நாடுகளின் வாடகைச் சட்டங்களே சொல்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசப்போனால் குரலே வேறு மாதிரி இருக்கும்.

சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக்கூடாது என்று ஒரு விதி ஊர் ஊராகச் சுற்றுகிறது. அது அமெரிக்காவின் அரசு மானிய வீடுகளில் குடியிருப்பவர்களிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்கு வைத்த வரம்பு. 1969ல் 25 சதவீதமாக இருந்தது, 1981ல் 30 ஆக உயர்த்தினார்கள். நிலையற்ற வேலையில் இருக்கும் ஒருவருக்காகப் போட்ட கணக்கு அல்ல. மாத வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கு அது சுத்தமாக உதவாது. டெலிவரி, வாடகை வண்டி, ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் கடந்த 12 மாத வருமானத்தை எழுதி, எரிபொருள், வண்டி ரிப்பேர், டேட்டா, ஆப் பிடிக்கும் கமிஷன் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். அதுதான் சம்பளம். மற்ற மாதங்களில் கூடுதலாக வருவது வரவே அல்ல என்று நினைத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது. நல்ல மாதத்தின் வருமானத்தைக் காட்டி வீடு பிடித்தவர்கள், மழைக்காலத்திலோ ஆப் கட்டணத்தை மாற்றும்போதோ மாட்டிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய தொகையை 12 ஆல் வகுத்து வீடு தேடாதீர்கள். அதில் இன்சென்டிவ் எவ்வளவு, வருஷக் கடைசியில்தான் வருவது எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கழித்து, உறுதியாகக் கைக்கு வருவதை மட்டும் எடுங்கள். ப்ரொபேஷன் முடியும்வரை நிறுவனம் ஒரு வார நோட்டீஸில் அனுப்பலாம் என்றிருந்தால், அந்தக் காலம் முடியும்வரை லாக்‑இன் உள்ள வீட்டில் நுழையவே கூடாது. மேன்ஷனோ, ஹாஸ்டலோ, நண்பரின் வீட்டில் பங்கோ எடுத்துக்கொண்டு, வேலை நிரந்தரமான கடிதம் கைக்கு வந்தபின் வீடு பார்க்கலாம். கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

வேலைக்குச் சேருவதற்கே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனாலும் பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று முன்கூட்டியே கறக்கும் இடத்தில் பெரும்பாலும் வேலையே இருக்காது. பயிற்சி கொடுத்துவிட்டு, இத்தனை மாதத்துக்குள் போனால் இவ்வளவு கட்டு என்கிற பாண்டையும் காலிசெய்யும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நிறுவனமே அனுப்பினால் அந்தத் தொகை கிடையாது என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே வீடு எடுப்பது என்பதில் பழைய யோசனை, ஆபீசுக்குப் பக்கத்தில். ஒரே இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்த காலத்துக்கு அது சரி. இன்றைக்கு அந்த ஆபீஸே ஒரு வருஷத்தில் நகரத்தின் மறுமுனைக்குப் போய்விடலாம். அதனால் இப்போதைய வேலைக்கு 15 நிமிடத்தில் இருக்கும் வீட்டைவிட, மூன்று நாலு வேலைப் பகுதிகளுக்கும் 45 நிமிடத்தில் போகக்கூடிய, இரண்டு வழித்தடங்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்து வீடு மேல். வேலை மாறினாலும் வீடு மாற வேண்டாம். ஒருமுறை வீடு மாறுவதை மிச்சம் பிடித்தாலே, மேலே போட்ட கணக்கில் புரோக்கருக்கும் வண்டிக்கும் போகும் 15, அட்வான்ஸில் பிடிக்கும் 20 என்று 35 மிச்சம்.

மாறிக்கொண்டிருக்கும் பகுதியில் வீடு எடுக்கும்போது, இன்னும் எத்தனை நாள் அங்கே இருக்க விடுவார்கள் என்பதற்குத் தடயங்கள் கிடைக்கும். அதே கட்டடத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடந்து, வீட்டுக்காரர் புதிதாக ஆள் வைக்காமல் இருந்தால், இடிக்கவோ விற்கவோ பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். பெரிய ரிப்பேர்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, வாடகையை மட்டும் சந்தை விலையைவிடக் குறைத்துச் சொன்னாலும் அதே சந்தேகம்தான். பக்கத்து வீடுகள் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்குப் போக ஆரம்பித்திருந்தால், அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை எங்கே போகும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டுவிடலாம்: விற்கும் எண்ணம் இருக்கிறதா, வீட்டின் மேல் கடன் இருக்கிறதா, தவணை ஒழுங்காகப் போகிறதா? கடைசிக் கேள்வி சங்கடமானது. ஆனால் அவர் தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால் தெருவில் நிற்கப்போவது நீங்கள்.

ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991ல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரை, போதுமான வீடு என்றால் என்ன என்பதற்கு ஏழு அம்சங்களைச் சொல்கிறது. கூரை, தண்ணீர், வாடகை எல்லாவற்றுக்கும் முன்னால் அது வைத்திருப்பது சட்டப்படியான குடியிருப்புப் பாதுகாப்பு. திடீரென்று வெளியேற்றப்படாமல் இருப்பது. அந்தப் பாதுகாப்பு சட்டத்தில் இருந்தாலும், நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள் என்று காட்ட முடிந்தால்தான் கைக்கு வரும். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, எந்த மாத வாடகை, எந்த வீடு என்று குறிப்பிலேயே எழுதுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கொடுத்த அடுத்த நிமிடமே "இந்த மாத வாடகை இவ்வளவு இன்று கொடுத்தேன்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். அவர் சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும், அது ரசீது மாதிரி.

பணம் கொடுக்கும் ஆள் யார் என்பதும் முக்கியம். வரி ரசீதிலோ மின் கட்டண பில்லிலோ இருக்கும் பெயரும், அட்வான்ஸ் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் இருப்பவர் உள்வாடகைக்கு விடுபவராக இருக்கலாம்; உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியை கூரியரில் அனுப்புகிறேன், முதலில் டோக்கன் போடுங்கள் என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். விளம்பரப் படங்களை கூகுளில் படத்தேடல் செய்து பார்த்தால் அதே ஹால் வேறொரு நகரத்தில் வேறொரு விலைக்குக் கிடைப்பதுண்டு.

வீட்டைப் பார்க்கப் போனால் சுவரின் ஒரு பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், அதிலும் பாத்ரூமின் மறுபக்கச் சுவரிலும் ஜன்னலுக்குக் கீழேயும். கையை வைத்தால் சில்லென்று இருக்கும், தட்டினால் பொத்தென்று சத்தம் வரும்; உள்ளே ஈரம். அந்தப் பூச்சு சில மாதத்தில் பொரிந்து உதிரும். காலிசெய்யும்போது "நீங்கள் பாழாக்கிய சுவர்" என்று அதற்கும் பிடித்தம் வரும். அதனால் சாவி வாங்கும் நாளிலேயே, சாமான் ஏற்றுவதற்கு முன், வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். குழாயைத் திறந்து காட்டுங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுக் காட்டுங்கள், கதவுத் தாழ்ப்பாள், கீறல், விரிசல், கடைசியில் மீட்டர் ரீடிங். அன்றே அதை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், எப்போது எடுத்தது என்ற சண்டை வரும். அன்றைய தேதியில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் சண்டைக்கு இடமில்லை.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் செலவு குறையும், ஆபத்து கூடும். ஒப்பந்தத்தில் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்று இருந்தால், மூன்று பேர் ஓடிவிட்டாலும் நாலாவது ஆளிடம் முழு வாடகையையும் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ரூம்மேட்டுகள் தங்களுக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு, போகிறவர் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மாற்று ஆள் வரும்வரை அவர் பங்கை யார் கட்டுவது, புது ஆள் தன் அட்வான்ஸை யாரிடம் கொடுப்பது. பெரிய சண்டைகள் எல்லாம் கடைசிக் கேள்வியில்தான் வெடிக்கின்றன. புதிதாக வருபவர் போகிறவருக்கே நேராகக் கொடுத்துவிட்டு, அதை எல்லோருக்கும் தெரிய குரூப்பில் பதிவுசெய்வது எளிய வழி. ஒருவரின் வேலை போனால் மற்றவர்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள் என்பதையும் நல்லபடியாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

வேலை போகும் நாள்

ஹெச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் உங்கள் பெயருக்கு நல்லது" என்பார். அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். தானாக விலகினார் என்று ஆகிவிட்டால், வேலையிழப்பு உதவித்தொகை இருக்கும் பல நாடுகளில் அது கிடைக்காது அல்லது தள்ளிப்போகும். நோட்டீஸ் சம்பளமும் போகலாம். அதே நாளில் லாகின் அணைந்துவிடும் என்பதால் பே ஸ்லிப்புகள், ஆஃபர் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், வரிப் பிடித்தச் சான்று, மீதமிருக்கும் விடுப்பின் கணக்கு ஆகியவற்றை மாதாமாதம் சொந்த மின்னஞ்சலில் சேர்த்துக்கொண்டே வருவது நல்லது. உங்களுடைய ஆவணங்களை மட்டும். நிறுவனத்தின் ஃபைல்களைத் தொட்டால் வேறு வம்பு. நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்பதையும் அன்றே கேளுங்கள்.

அந்த வாரமே வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். கையிருப்பு பள்ளத்தின் ஆழத்தைவிடக் குறைவு என்றால் நோட்டீஸை உடனே கொடுத்துவிடுங்கள். வேலை கிடைத்துவிட்டால் வாபஸ் வாங்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், அடுத்த ஆளுக்கு இன்னும் வாக்குக் கொடுக்காதவரை பலர் சரி என்பார்கள். சின்ன வீட்டுக்கு மாறுவதென்றால் நோட்டீஸ் காலத்திலேயே பார்க்க ஆரம்பிக்க வேண்டும். சம்பளம் நின்று மூன்று மாதம் ஆன பே ஸ்லிப்பை யாரும் ஏற்பதில்லை. நிலைமையை மறைக்கத் தேவையில்லை. அட்வான்ஸோடு இரண்டு மாத வாடகையும் முன்பணமாகத் தர முடியும் என்று காட்டினால் கதவு திறக்கும் இடங்கள் உண்டு.

பணம் போதாத மாதத்தில் எதை முதலில் கட்டுவது? சாப்பாடு, வாடகை, மின்சாரம், போன் ரீசார்ஜ், வேலை தேடப் போகும் பயணச்செலவு, இந்த வரிசை. போன் இவ்வளவு மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு: வங்கி, வேலைத் தளங்கள், அரசு உதவி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எண் போனால் மீட்க நடையாய் நடக்க வேண்டும். இ.எம்.ஐ. தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள். தவறியபின் பேசினால் வசூல் பிரிவோடு பேச வேண்டியிருக்கும், அவர்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் இருப்பது அரிது. போன் தொடர்புகளையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் லோன் ஆப் பக்கம் போகவே வேண்டாம்.

வாடகை தாமதமாகும் என்றால் கெடு தேதிக்கு முன்னால் எழுத்தில் சொல்லுங்கள்: இந்தத் தேதியில் பாதி, இந்தத் தேதியில் மீதி. "சீக்கிரம் தருகிறேன்" என்பதற்கு மதிப்பே கிடையாது. அட்வான்ஸில் ஒரு மாதம் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதும் நியாயம்தான், ஆனால் அவர் சம்மதித்ததை எழுத்தில் வாங்காமல் வாடகையை நிறுத்தினால் அது பாக்கி என்றே பதிவாகும்.

காலிசெய்யும் நாளில் வீட்டுக்காரரையோ அவர் ஆளையோ வைத்துக்கொண்டு, வந்த நாளின் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு, அறை அறையாகப் பாருங்கள். நாள்பட மங்கிய பெயின்ட், தேய்ந்த தாழ்ப்பாள் எல்லாம் சாதாரணத் தேய்மானம். உடைந்த கண்ணாடிதான் சேதம். மீட்டர் ரீடிங், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, அட்வான்ஸ் திரும்பும் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு படம். அந்தத் தேதி தாண்டி மூன்றாம் நாள்வரை பணம் வரவில்லை என்றால் போன் போட்டுக்கொண்டிருக்காமல் ஒரு கடிதம் அனுப்புங்கள்: வீட்டு முகவரி, குடியிருந்த காலம், அட்வான்ஸ் தொகை, சாவி ஒப்படைத்த தேதி, ஏழு நாள் கெடு, அதன்பின் எந்த அமைப்பில் புகார் கொடுப்பீர்கள் என்பது. திட்டோ கெஞ்சலோ வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல் போகவும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கூடவே இணைத்து, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.